உங்களுக்குத் தெரியுமா? ‘எப்பவாவது ஒண்ணுதானே’ மாத்திரை!

பரீட்சை ஹாலுக்குப் போகுமுன் ஒன்று. இன்டர்வியூ அன்று காலையில் ஒன்று. விமானம் ஏறுமுன் ஒன்று. “தினமுமா போடறேன்? எப்பவாவது ஒண்ணுதானே!” உங்கள் வீட்டிலும் இந்த வசனம் உண்டா? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்கே உங்களுக்கு!

மிளகு அளவு மாத்திரைக்குள் இத்தனை கதையா என்று அசந்துபோவீர்கள். தேடித் தேடிப் பிடித்தவை. முதலில் எல்லாவற்றிலும் பெரியது!

28 பெண்கள். அத்தனை பேருக்கும் விமானம் என்றாலே நடுக்கம். வில்ஹெல்ம், ராத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இவர்களை விமானத்தில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பாதிப் பேருக்கு 1 மில்லிகிராம் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது!

அல்பிரசோலம் போட்டவர்கள் “பயம் குறைந்தது” என்றார்கள். ஆனால் இதயம் வேறு கதை சொன்னது. அவர்களுக்கு நிமிடத்துக்கு 114 துடிப்பு. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 105 மட்டுமே!

இருங்கள், இன்னும் முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அதே பெண்கள், மறுபடி விமானம். இந்த முறை யாருக்கும் மாத்திரை கிடையாது. வெற்று மாத்திரைக்காரர்களுக்குப் பயம் முன்பைவிடக் குறைந்திருந்தது. பயத்தோடு உட்கார்ந்து பழகிவிட்டார்கள்! போன வாரம் அல்பிரசோலம் போட்டவர்களுக்கோ தலைகீழ். முதல் பயணத்தில் அவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் பேனிக் அட்டாக். இரண்டாவது பயணத்தில் 71 சதவீதம்! போட்டது ஒரே ஒரு மாத்திரை! ஆய்வு வெளியான ஆண்டு 1997. இன்றைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பேனிக் அட்டாக் உச்சிக்குப் போக எவ்வளவு நேரம்? பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள்! விழுங்கிய அல்பிரசோலம் ரத்தத்தில் உச்சிக்குப் போக எவ்வளவு நேரம்? 1 முதல் 2 மணி நேரம்!

கணக்கைப் பாருங்கள். மாத்திரை மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில் அட்டாக் பெரும்பாலும் இறங்கியிருக்கும். தானாகவே! ஆனால் நல்ல பெயர் யாருக்கு? மாத்திரைக்கு! அடுத்த முறை படபடப்பு வந்தால் கை நேரே எங்கே போகும்? அந்த அட்டைக்கு!

விழுங்கக்கூட வேண்டாம்! கைப்பைக்குள் அட்டை இருக்கிறது என்ற நினைப்பே சிலருக்குப் பதற்றத்தை இறக்கிவிடும். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தால்? பஸ் பாதி வழி போகுமுன் வியர்த்துக் கொட்டும்! உடம்புக்குள் ஒரு மில்லிகிராம்கூடப் போகவில்லை. மனம் மட்டும் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் திரட்டியதில் மறக்கவே முடியாதது இதுதான்!

ஒரே ஒரு மாத்திரையில் உடம்பு அடிமையாகிவிடாது. சரி, எத்தனை நாளில் ஆகும்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் பதில் சொன்னது. தொடர்ந்து போட்டால் சில நாட்கள் முதல் சில வாரங்களே போதும். டாக்டர் எழுதிக்கொடுத்தபடியே போட்டாலும்! அல்பிரசோலம் குடும்பத்து மாத்திரைகள் அத்தனைக்கும் அன்றே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்தது. அதுதான் அந்த அமைப்பின் ஆகக் கடுமையான எச்சரிக்கை!

அதற்கு முந்தைய ஆண்டு, 2019-ல், அமெரிக்காவில் இந்த மாத்திரைகளுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டுகள் எத்தனை? 9 கோடியே 20 லட்சம்! அதில் 38 சதவீதம் அல்பிரசோலம் ஒன்றுக்கே!

இந்தக் குடும்பத்தின் பெயர் பென்சோடயசிபைன். டயஸிபம், லோராசெபம், குளோனசெபம், அல்பிரசோலம், நைட்ரசெபம் எல்லாம் அண்ணன் தம்பிகள்! நம் ஊரில் பொதுப்பெயர் ‘நரம்பு மாத்திரை’. பெயர் எத்தனை சாதுவாக இருக்கிறது பாருங்கள்!

முதல் பென்சோடயசிபைன் குப்பைக்குப் போக இருந்தது! அமெரிக்காவின் நட்லி நகரம், ரோஷ் கம்பெனியின் ஆய்வுக்கூடம். வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் தயாரித்த ஒரு பொருள் சீண்டுவாரில்லாமல் ஷெல்ஃபில் கிடந்தது. 1957-ல் இடத்தை ஒழித்துச் சுத்தம் செய்தபோது கூட வேலை செய்த ஏர்ல் ரீடர் கண்ணில் பட்டது. “இதையும் ஒரு முறை சோதித்துப் பார்ப்போமே!” அதுதான் 1960-ல் லிப்ரியம் என்று கடைக்கு வந்தது!

மிருகக்காட்சிசாலைப் புலிகளையே சாந்தமாக்கிய மருந்து அது!

மூன்றே ஆண்டில் தம்பி வந்தான். 1963. வேலியம்! 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் ஆக அதிகமாக விற்ற மருந்து அதுதான். 1978-ல் மட்டும் 230 கோடி மாத்திரை!

இரண்டையும் உருவாக்கிய ஸ்டெர்ன்பாக்கின் பெயரில் 241 காப்புரிமைகள். வாழ்ந்தது 97 வயது வரை!

இது மூளையில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டா விற்றார்கள்? இல்லவே இல்லை! ‘காபா’ என்ற மூளை ரசாயனத்தோடு இதற்கு உள்ள தொடர்பு தெரிய 1975 ஆனது. மூளையில் இது போய் உட்காரும் இடத்தைக் கண்டுபிடிக்க 1977 ஆனது. அதற்குள் உலகமே விழுங்கிக்கொண்டிருந்தது!

காபாதான் மூளைக்கு பிரேக். மாத்திரை அந்த பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. நாள்தோறும் அழுத்தினால் மூளை சும்மா இருக்குமா? தன் பிரேக்கைத் தானே தளர்த்திக்கொள்கிறது! மாத்திரையை நிறுத்தும் நாளில் பிரேக் இல்லாமல் பாய்கிறது. பதற்றம் பழைய அளவுக்கு அல்ல, அதையும் தாண்டி!

“பார், நிறுத்தினேன், வியாதி திரும்பிவிட்டது!” என்று மறுபடி போடுகிறார்கள். திரும்பியது பல நேரம் வியாதியே அல்ல. மாத்திரை இல்லாத தவிப்பு! இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதுதான் கொடுமை.

தரை ஆடுவது போல இருக்கும். வாயில் உலோகச் சுவை. மின்விசிறிச் சத்தம் காதைக் கிழிக்கும். விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தும். எல்லாம் இந்தத் தவிப்பின் அறிகுறிகள்!

வலிப்புகூட வரும்! இது 1961-லேயே தெரியும். லிப்ரியம் கடைக்கு வந்து ஒரே ஆண்டு! அமெரிக்க டாக்டர் லியோ ஹாலிஸ்டர், மாதக்கணக்கில் அதிக அளவு லிப்ரியம் வாங்கிய 11 மனநோயாளிகளுக்குச் சட்டென்று மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுத்தார். 11 பேரில் 10 பேருக்குத் தவிப்பு. 2 பேருக்கு வலிப்பு. அதுவும் மறுநாளே அல்ல. ஒரு வாரம் கழித்து!

“அதிக அளவு வாங்கியவர்களுக்குத்தானே?” என்று கேட்பீர்கள். 1981-ல் லண்டன் டாக்டர்கள் பெட்டுர்சன், லேடர் இருவரும் சாதாரண அளவிலேயே நீண்ட நாள் போட்டுவந்த 16 பேருக்கு மாத்திரையை விலக்கிப் பார்த்தார்கள். எத்தனை பேருக்குத் தவிப்பு வந்தது? 16 பேருக்கும்!

பார்பரா கார்டன். விருதுகள் வாங்கிய அமெரிக்க டிவி தயாரிப்பாளர். ஒரு நாள் திடீரென்று வேலியத்தை நிறுத்தினார். போய்ச் சேர்ந்தது மனநல மருத்துவமனை! அந்த அனுபவத்தை 1979-ல் புத்தகமாக எழுதினார். 1982-ல் சினிமாவும் ஆனது!

அதே 1979-ல் செனட்டர் எட்வர்ட் கென்னடி இந்த மாத்திரைகள் பற்றி அமெரிக்க செனட்டில் விசாரணையே நடத்தினார்!

ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுப் பாடகி ஸ்டீவி நிக்ஸ் கொக்கெய்னை விட்டவர். அதற்குப் பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்தது குளோனசெபம். சுமார் 8 ஆண்டு அதில் சிக்கினார். கொக்கெய்னைவிட இதை விடுவதுதான் கொடுமையாக இருந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் இருந்தது 47 நாட்கள்!

இதற்கெல்லாம் முன்னோடி 1955-ல் வந்த மில்டவுன் என்ற பதற்ற மாத்திரை. ஓரிரு ஆண்டிலேயே 20 அமெரிக்கர்களில் ஒருவர் அதைச் சுவைத்துவிட்டார்! அதன் விளம்பரத்துக்காக ஓவியர் சால்வடார் டாலி 1958-ல் ஆள் உள்ளே நடந்து போகும் சுரங்கம் ஒன்று செய்துகொடுத்தார். கூலி 35,000 டாலர்! அடிமைப்படுத்தாது என்று கொண்டாடிய மருந்து. அடிமைப்படுத்தியது! ஐரோப்பாவில் 2012-ல் அதை விற்பனையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கும் முந்தையது பார்பிட்யூரேட் என்ற தூக்க, மயக்க மருந்துக் கூட்டம். ஆய்வுக்கூடங்களில் தயாரித்துப் பார்த்தது 2,500-க்கும் மேல். சிகிச்சைக்கு வந்தது சுமார் 50!

இந்தியாவுக்கு வருவோம். டயஸிபம் இங்கே ‘காம்போஸ்’ என்ற பெயரில் வீடு வீடாக நுழைந்தது. ரான்பாக்ஸி கம்பெனியின் முதல் பெரிய வெற்றியே அதுதான்!

2019-ல் வெளியான மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பு. எய்ம்ஸ் நடத்தியது. டாக்டர் சொல்லாமல் தூக்க, மயக்க மாத்திரைகளைப் பயன்படுத்தும் இந்தியர்கள் எத்தனை பேர்? சுமார் 1 கோடியே 18 லட்சம்!

அல்பிரசோலம் அட்டையில் சிவப்புக் கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அழகுக்குப் போட்டதல்ல! 2014 மார்ச் 1 முதல் அமலான ‘ஹெச்1’ அட்டவணையின் அடையாளம். அல்பிரசோலம், டயஸிபம், நைட்ரசெபம், ஜோல்பிடம் எல்லாம் அதில் உண்டு. விற்றால் மெடிக்கல் ஷாப்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை, எல்லாமே! அந்த ரிஜிஸ்டரை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? 3 ஆண்டு!

கள்ளிலும் அல்பிரசோலம்! தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலமும் டயஸிபமும் கலந்து பிடிபட்ட வழக்குகள் ஏராளம். குடிப்பவருக்குத் தான் மாத்திரைக்கு அடிமை என்றே தெரியாது. கள் வரத்து நின்ற நாளில் கை நடுங்கி, பிதற்றி, வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்! பாவம், அவர்கள் யாரும் ஒரு மாத்திரைகூடக் கேட்டு வாங்கியவர்கள் இல்லை.

டயஸிபம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது! அது உடைந்து உருவாகும் பொருளுக்கு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 36 முதல் 200 மணி நேரம் ஆகும். 200 மணி என்றால் 8 நாளுக்கும் மேல்! இன்று போட்டது அடுத்த வாரமும் உள்ளே உட்கார்ந்திருக்கும். வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக வெளியேறும். பாட்டி பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் மாத்திரை டப்பாவையும் ஒரு முறை பாருங்கள்!

அரை மில்லிகிராம்தானே என்று நினைக்காதீர்கள். 0.5 மி.கி. அல்பிரசோலம் ஏறத்தாழ 10 மி.கி. டயஸிபத்துக்குச் சமம்! இருபது மடங்கு வீரியம்!

மதுவும் அதே காபா வழியில்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே நிற்கலாம்!

தூக்கத்துக்குப் போடும் ஜோல்பிடம் பென்சோடயசிபைன் அல்ல. ஆனால் அதுவும் காபாவைத்தான் பிடிக்கிறது. போட்டுவிட்டுத் தூக்கத்திலேயே கார் ஓட்டியவர்கள் உண்டு! காலையில் எழுந்தால் எதுவும் ஞாபகம் இருக்காது! 2013-ல் எஃப்.டி.ஏ. பெண்களுக்கு மட்டும் அளவைப் பாதியாக்கியது. 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.!

இதோ இன்னொரு அதிசயம்! 1940 முதல் பதப்படுத்தி வைத்திருந்த மனித மூளைகளை 1980-களில் சோதித்தார்கள். உள்ளே பென்சோடயசிபைன் போன்ற மூலக்கூறுகள்! ஸ்டெர்ன்பாக் மாத்திரை செய்வதற்குப் பல ஆண்டு முன்னால் இறந்தவர்களின் மூளை அது! கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும்கூட மிக மிக நுண்ணிய அளவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூரி மசால் சாப்பிட்டால் பதற்றம் போகாது, அத்தனை நுண்ணியது!

இது உயிர் காக்கும் மருந்தும்கூட! ஓயாத வலிப்பை நிறுத்தும். குடியை நிறுத்துபவரைக் காப்பாற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டயஸிபத்துக்கு இடம் உண்டு!

ஆனால் பேனிக் அட்டாக்குக்கு? பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் இந்த மாத்திரைகளை எழுதவே வேண்டாம் என்கிறது! பிரிட்டன் டாக்டர்களுக்கு 1988-லேயே சொன்ன உச்சவரம்பு 2 முதல் 4 வாரம்!

மாதக்கணக்கில் போட்டுவருகிறீர்களா? இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தாதீர்கள்! மேலே வலிப்பு பற்றிப் படித்தீர்களே, அது திடீரென்று நிறுத்தியவர்களுக்கு வந்தது. 2025-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலின்படி குறைக்க வேண்டிய வேகம் எவ்வளவு? 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் மட்டுமே! அதுவும் டாக்டர் துணையோடு! பேச ஆள் வேண்டுமா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும்!

மெல்ல மெல்லக் குறைக்கும் வித்தையை உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இங்கிலாந்தின் பேராசிரியர் ஹீதர் ஆஷ்டன். நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை, 12 ஆண்டு, இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளிகள் சொன்னதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்டார். மாத்திரையை விட்ட பிறகு பலருக்குப் பதற்றம் முன்பைவிடக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தார்! 1999-ல் அவர் எழுதிய கையேடு இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 11. உலக பென்சோடயசிபைன் விழிப்புணர்வு நாள். ஏன் அந்தத் தேதி தெரியுமா? அதுதான் ஹீதர் ஆஷ்டனின் பிறந்த நாள்!