ஊரார் பொருளில் எழுந்த மருத்துவக் கல்லூரி

முன்னாளில் மலாயா, சிங்கப்பூர் மாணாக்கர் சிலர் மருத்துவம் பயிலச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். 1904ஆம் ஆண்டில் டான் ஜியாக் கிம் என்னும் வணிகரின் தலைமையில் ஊர்ப் பெரியோர், சிங்கப்பூரிலேயே மருத்துவப் பள்ளி வேண்டுமென ஆளுநரிடம் விண்ணப்பித்தனர். 71,000 வெள்ளி திரட்டித் தருமாறு அரசு கேட்டது. திரண்டதோ 87,077 வெள்ளி. அதில் டான் அளித்தது 12,000. 1905இல் 23 மாணாக்கருடன் பள்ளி தொடங்கிற்று. 1910இல் எழுவர் தேறி வெளிவந்தனர். 1916இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இப்பள்ளியின் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் இங்குப் பயின்றோர் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகள் எங்கும் மருத்துவம் செய்யும் தகுதி பெற்றனர். 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. 1980 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. ஊரார் பொருள் கல்வியிற் சேர்ந்தால் தலைமுறைகள் பயன்பெறும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?