பழைய மோட்டார் வண்டியின் அதிர்வுதாங்கிகள்: புதுக்குவதா, மாற்றுவதா?

பழுதுற்ற பொருளைச் செப்பஞ்செய்து பயன்படுத்துவதே சிக்கனம் என்பர் சிலர். அதனைக் கழித்துப் புதியது பொருத்துவதே அறிவுடைமை என்பர் வேறு சிலர். இவ்விரண்டனுள் எது தக்கது என்பது அப்பொருளின் அமைப்பை அறிந்த பின்னரே துணியத்தக்கது. பழைய மோட்டார் வண்டியின் அதிர்வுதாங்கி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். வழக்கில் 'சொக் அப்சோபர்' எனப்படும் இவ்வுறுப்புத் தேயுமிடத்துப் பயணசுகம் மட்டுமன்றிப் பயணஞ் செய்வோரின் பாதுகாப்பும் குறைகின்றது.

அதிர்வுதாங்கி என்னும் பெயர் சிறிது மயக்கந் தருவது. தெருவிலுள்ள மேடுபள்ளங்களின் தாக்கத்தை முதலில் ஏற்பது வில்லேயாகும். அமுக்கப்பட்ட வில் தான் ஏற்ற சத்தியைத் தன்னுள் வைத்திருந்து மீளக் கொடுக்கும். அதனால் வண்டி மேலுங் கீழுமாக ஊசலாடத் தொடங்கும். அவ்வூசலை அடக்குவதே அதிர்வுதாங்கியின் தொழில். அதனுள்ளே முசலம் எண்ணெயைச் சிறு துளைகளினூடாகத் தள்ளுகின்றது. எண்ணெயின் பிசுக்குமை அவ்வோட்டத்தைத் தடுப்பதால் அசைவின் சத்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. இத்தணிப்பு இல்லையாயின் சக்கரம் தெருவை விட்டுத் துள்ளும். தெருவைத் தொடாத சக்கரத்திற்குப் பிரேக்குமில்லை, திருப்பமுமில்லை.

இன்றைய வண்டிகளிற் பெரும்பாலும் காணப்படுவது ஒரு குழாயினுள் மற்றொன்று செல்லும் தொலைநோக்கி வடிவ அமைப்பு. முற்கால வண்டிகள் பலவற்றில் நெம்புகோல் அமைப்பே வழங்கிற்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்து, இலங்கைத் தெருக்களிலும் நெடுங்காலம் பழகிய மொறிஸ் மைனர் வண்டி இதற்குச் சான்று. இவ்வமைப்பில் எண்ணெய் நிறைந்த வார்ப்புடல் வண்டியோடு பிணிக்கப்பட்டிருக்கும். அதனின்று நீளும் புயம் சக்கரத்தோடு சேர்ந்து ஏறியிறங்கும். புயம் அசையுந்தோறும் அதன் அச்சுத்தண்டு சுழன்று உள்ளிருக்கும் முசலங்களை இயக்கும்.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. மொறிஸ் மைனரின் பின்புறத்தில் அச்சைத் தாங்கி நிறுத்துவன தட்டுவிற்களே. அதிர்வுதாங்கி ஊசலை அடக்குவதோடு அமைகின்றது. முன்புறத்திலோ அதன் புயமே சக்கரத்தைத் தாங்கும் மேற்புயமுமாகும். ஆகவே முன் அச்சுத்தண்டு தளர்ந்தால் சக்கரத்தின் சாய்வே நிலையற்றதாகின்றது. பின்புறத்தில் ஒரு குறையாக நிற்பது முன்புறத்தில் ஆபத்தாக முடியும்.

தேய்வு பெரும்பாலும் அச்சுத்தண்டும் உடலும் உராயுமிடத்தில் நிகழ்கின்றது. இடைவெளி பெருக எண்ணெய் கசியும். எண்ணெய் குறையக் காற்றுப் புகும். காற்றோ எளிதில் அமுங்குவதால் தணிப்புக் கெடும். எண்ணெயை மீள நிரப்பிப் புயத்தை மெதுவாகப் பலமுறை அசைத்துக் காற்றை அகற்றினால் வேலை சிறிது காலம் நடக்கும். கசிவு மட்டும் நில்லாது. தடித்த எண்ணெய் ஊற்றுவதும் தேய்வுக்கு மருந்தன்று.

செம்மையான புதுக்கல் என்பது யாது? உடலைக் கழற்றிக் கழுவி, தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்கிப் புதிய புஷ் இட்டு, தண்டைச் சீராக்கி அல்லது மாற்றி, புதிய எண்ணெய்த்தடை வளையம் பொருத்தி, வால்வுகளைச் சோதித்து அமைத்தலாம். வளையத்தை மட்டும் மாற்றி, வர்ணம் பூசி, எண்ணெய் நிரப்பித் தருவது புதுக்கலன்று. தேய்ந்த தண்டு ஆடும்போது புதிய வளையமும் விரைவில் கெடும். ஆதலின் அச்சுத்தண்டுக்கும் துளைக்கும் யாது செய்யப்பட்டது என்பதே பட்டறையில் முதலிற் கேட்கவேண்டிய வினா.

இனி, தொலைநோக்கி வடிவத் தாங்கிகளுக்கு மாற்றுவோரும் உளர். பின்புறத்தில் இஃது எளிது. உறுதியான தாங்குதகடுகள் பொருத்திப் பழையதை முற்றாக நீக்கிவிடலாம். முன்புறத்திலோ, வழக்கமான மாற்று முறைகளிற் பழைய உடலும் புயமும் மேற்புயமாக அவ்விடத்தே இருத்தல் வேண்டும். எனவே புதியது பொருத்திய பின்னரும் பழைய தண்டின் ஆட்டம் ஒழியாது. புதுக்கலின் செலவைத் தவிர்க்க எண்ணி மாற்றுவோர் ஈற்றில் இரு செலவையும் ஏற்க நேரிடலாம்.

தொடக்கத்திலேயே தொலைநோக்கி வடிவத் தாங்கி பூண்ட வண்டிகளில் நிலை வேறு. அவற்றுட் பெரும்பாலானவை பற்றவைத்து மூடப்பட்டவை. பிரித்துச் செப்பஞ்செய்யும் நோக்குடன் ஆக்கப்பட்டவையல்ல. அவற்றை மாற்றுதலே முறை. பிரிக்கத்தக்கனவாக ஆக்கப்பட்ட விலையுயர்ந்த சில வகைகள் இதற்கு விலக்காம். எவ்வகையாயினும் ஓர் அச்சின் இருபக்கத்தையும் ஒருங்கே கவனித்தல் நன்று. ஒருபுறம் இறுகி மறுபுறம் தளர்ந்த வண்டி நேரே நில்லாது.

தேய்வை அறியும் எளிய சோதனைகளும் உள. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுக. அது ஒருமுறை எழுந்து அமைந்தால் நன்று. பலமுறை ஊசலாடினாற் பழுது உண்டு. உடலில் எண்ணெய் வழிந்த கறையும், டயரில் விட்டுவிட்டு விழுந்த தேய்வும் அதனையே உணர்த்தும். முன்சக்கரத்தை உயர்த்தி மேலுங் கீழும் பற்றி அசைத்தால் ஆட்டம் புலப்படும். அது தண்டிலா, சுழலூசியிலா, பிற மூட்டிலா என்று ஒருவர் அசைக்க மற்றொருவர் நோக்கித் துணிதல் வேண்டும்.

ஆகவே நெம்புகோல் வகையில் முன்புறத்தைச் செவ்வையாகப் புதுக்குக. உடல் வெடித்திருந்தால் வேறு உடல் தேடுக. பின்புறத்தில் வசதிக்கேற்ப இரண்டில் ஒன்றைக் கொள்க. மூடிய குழாய் வகையை மாற்றுக. பழையது என்பதனாற் கழிப்பதும் பழையது என்பதனாற் போற்றுவதும் ஒரு தன்மையவே. உறுப்பு எதனைத் தாங்குகின்றது என்று அறிந்து செய்வதே சிக்கனமும் பாதுகாப்புமாகும்.