தொண்டையில் நிற்கும் முள்

பிப்ரவரி 3-ஆம் தேதி கத்தோலிக்க ஆலயங்களில் ஒரு சிறிய சடங்கு நடைபெறுகிறது. முந்தின நாள் திருநாளில் மந்திரித்த மெழுகுதிரிகளில் இரண்டைச் சிலுவை வடிவாகப் பிணைத்து, தம் முன்னே வந்து நிற்பவரின் கழுத்தில் இருபுறமும் பொருந்தும்படி வைத்து, தொண்டை வியாதியினின்றும் மற்றெல்லாத் தீங்கினின்றும் காக்கவேண்டுமென்று குருவானவர் பிரார்த்திக்கிறார். நான்காம் நூற்றாண்டில் ஆர்மீனிய தேசத்தில் மேற்றிராணியாராக இருந்த புனித பிளேசியார், மீன்முள் சிக்கித் திணறிய ஒரு பாலகனைக் காப்பாற்றினார் என்ற ஐதிகத்தின் வழியாக வந்த வழக்கம் அது.

மாதேசுவரன் மலைத் தொடரின் அடிவாரத்துக் கிராமமாகிய மார்டள்ளியிலே, தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கன்னட நாட்டில் தமிழ் எப்படி வந்தது என்று வியப்பவர்கள், இக்கிராமத்தை உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் தாலுகா முழுவதும் 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் சென்னை ராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதை நினைவுகொண்டால் போதும். இன்று அந்தப் பிரதேசம் சாமராஜநகர் ஜில்லாவில் அடங்கினாலும், பெரிய வைத்தியம் என்றால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மைசூர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு தூரம் போவதென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் கணக்கில் வரும். ஆகையால் தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்ற அற்பக் காரணத்துக்காக யாரும் புறப்படுவதில்லை; மிளகுக் கஷாயமும், சித்தரத்தைத் துண்டும், கடையில் வாங்கின மாத்திரையுமாக மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

தொண்டை என்பது காற்றும் அன்னமும் ஒரே வாசலில் நுழைந்து பிரிந்துபோகும் நாற்சந்தி. மேலே மூக்கு, பக்கவாட்டில் செவிகளுக்குச் செல்லும் நுண்குழல்கள், கீழே முன்புறம் குரல்வளையும் பின்புறம் உணவுக்குழலும் அங்கே வந்து கூடுகின்றன. இவற்றுள் எந்த வீட்டில் கலகம் நேர்ந்தாலும் சத்தம் சந்தியிலேதான் கேட்கிறது. ஜலதோஷத்தோடு வருகிற தொண்டைவலி ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதற்கு வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பதும் ஓய்வுமே போதும். குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலோடு வரும் ஒருவகைக் கிருமிவலியை மாத்திரம் அலட்சியம் செய்யலாகாது. பெனிசிலினைப் பத்து நாள் முழுவதும் கொடுக்காமல் இடையில் நிறுத்தினால், பிற்பாடு வாதக் காய்ச்சல் கண்டு இருதயத்தின் வால்வுகள் கெட்டுப்போக ஏதுவுண்டு. ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் உபாதையோ பெரும்பாலும் கிருமியினால் வருவதன்று. அதற்கு மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் விழுங்குவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

ஈர விறகை அடுப்பில் தள்ளி ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண் சிவக்கும் பெண்ணும், கேழ்வரகுக் களத்தில் நாள் முழுதும் தூசியிலே நிற்கும் ஆளும், கல் உடைக்கும் தொழிலாளியும் இடைவிடாமல் ‘க்கும், க்கும்’ என்று கனைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். புகையும் தூசியும் மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்ய, அங்கே சுரக்கும் சளி இரவில் தொண்டையின் பின்புறமாக வழிந்து அரிக்கிறது. கனைக்கக் கனைக்க அந்த இடம் மேலும் புண்ணாகி, மேலும் கனைக்கத் தூண்டுகிறது. இதற்கு மருந்து மூக்குக்குத்தான்: உப்புநீரால் கழுவுவதும், வைத்தியர் சொல்லும் மூக்குத் தெளிப்பானும், அடுப்புப் புகை வெளியேற ஒரு போக்கும்.

மற்றொரு காரணம் வயிற்றிலே இருக்கிறது. இராத்திரி வெகுநேரம் கழித்து வயிறுமுட்டச் சாப்பிட்டு உடனே படுத்துக்கொள்பவருக்கு, இரைப்பையின் அமிலம் உணவுக்குழல் வழியே மேலேறிக் குரல்வளையைத் தொட்டுவிடுகிறது. நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது நேரிடலாம் என்பதுதான் விசேஷம். காலையில் கரகரத்த குரலும், வாயிற் புளிப்பும், தொண்டையில் உருண்டை நிற்பதுபோன்ற உணர்ச்சியுமே அறிகுறிகள். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரையடிக் கட்டை கொடுத்து, புகையிலையையும் மதுவையும் விட்டு, காப்பியைக் குறைத்தாலே பலருக்குப் பாதி வியாதி போய்விடுகிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரை தேவைப்பட்டால், அதை ஆகாரத்துக்கு அரைமணி முன்னதாக, வைத்தியர் குறித்த காலம்வரை சாப்பிடவேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சற்று நிதானித்துச் சொல்லவேண்டும். மார்டள்ளிப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்லும் வழக்கமில்லை. விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வழவழவென்று அப்படியே விழுங்கிவிடுவார்கள். எச்சிலை விழுங்கும்போது உருண்டை தடுக்கிறது, ஆனால் களியோ தடையின்றி இறங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் அமிலத்தாலோ, மனக்கவலையால் இறுகிய தசைகளாலோ உண்டான உணர்ச்சி. பரிசோதித்து, பயமில்லை என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்திலே பாதி குணமாகிவிடும். மாறாக, எச்சில் இறங்கி, களி நின்றுவிடுமானால் அது வேறு கதை. குடும்பத்துக்கெல்லாம் களி பரிமாறிவிட்டு, தனக்கு மாத்திரம் அதைக் கரைத்துக் கூழாக்கிக் குடிக்கும் அம்மாள், ‘எனக்குக் கூழ்தான் புடிக்குது’ என்று சொல்லிவிடுகிறாள். வீட்டில் ஒருவரும் விசாரிப்பதில்லை. நெடுங்கால இரத்தசோகையுள்ள பெண்களுக்கு உணவுக்குழலின் மேல்முனையில் மெல்லிய சவ்வொன்று வளர்ந்து வழியைக் குறுக்குவதுண்டு. வெளுத்த நாக்கும், வெடித்த வாயோரமும், குழிந்த நகமும் அதற்குத் துணைச் சாட்சிகள். இரும்புச்சத்து மாத்திரையும், குறுகிய இடத்தை விரிவாக்கும் சிறு சிகிச்சையும் குணம் தரும். கவனியாமல் விட்டால், அதே இடத்தில் புற்றுநோய் தோன்றக்கூடும். கூழ் குடிக்கும் அந்த அம்மாளை எண்ணும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது.

உயிரோடிருக்கும் ஒருவரின் குரல்வளை எப்படி அசைகிறது என்பதை 1854-ஆம் வருஷத்தில் துலங்கக் கண்டு உலகுக்குச் சொன்னவர், வைத்தியர் அல்லர். மானுவேல் கார்ஸியா என்ற சங்கீத ஆசிரியர். பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, வெயிலை அதன்மேல் திருப்பி, தம் குரல் பிறக்கும் இடத்தைத் தாமே பார்த்தார். இன்றும் காது-மூக்கு-தொண்டை வைத்தியர், வட்டக் கண்ணாடியைச் சுடரில் காட்டிச் சூடாக்கி, நோயாளியின் நாக்கைத் துணியால் பற்றி வெளியே இழுத்துக்கொண்டு, ‘ஈ’ என்று சொல்லச் சொல்கிறார். வெண்ணிற நாடாக்கள் இரண்டு சேர்ந்து பிரிவது தெரிகிறது. கண்ணாடிக்கு எட்டாததை மூக்கு வழியே செலுத்தும் மெல்லிய எண்டாஸ்கோப் காட்டிவிடும். சில நிமிஷ வேலை. வலியென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

அந்தச் சில நிமிஷங்கள் எவ்வளவு அருமையானவை என்பதற்கு ஒரு துக்க சரித்திரம் உண்டு. 1885-ஆம் வருஷத்துக் கோடையில் பகவான் ராமகிருஷ்ண பரமஹம்ஸருக்குத் தொண்டையில் வலி கண்டபோது, ஓயாமல் பேசும் மதபோதகர்களுக்கு வரும் புண் என்றே முதலில் எண்ணினார்கள். அது புற்றுநோயாக முற்றி, 1886 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காசிப்பூரில் அவர் மகாசமாதி அடைந்தார். அக்காலத்து வைத்தியத்தால் அதற்குமேல் செய்யக்கூடியது சொற்பமே. இன்று நிலைமை வேறு. குரல்நாணில் தோன்றும் புற்று, குரல் கம்மலால் தொடக்கத்திலேயே தன்னை அறிவித்துக்கொள்வது. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால், கதிர்வீச்சினாலோ லேசராலோ பத்துப் பேரில் ஒன்பது பேரளவுக்குக் குணமாகிறது, பேசும் சக்தியும் தப்புகிறது. பிந்தி வந்தவருக்கோ குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் துவாரமிட்டு மூச்சுவிடச் செய்யவேண்டி நேர்கிறது. புகையிலையும் பீடியும் மதுவும் சேர்ந்தால் இந்த அபாயம் பன்மடங்காகிறது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பாட்டிமாருக்கும் இதைச் சொல்லவேண்டும்.

எல்லாக் குரல் கம்மலும் புற்று அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கத்திப் பேசும் உபாத்தியாயருக்கும், கோயிலில் உரக்கப் பாடுபவருக்கும் குரல்நாணில் சிறு கணுக்கள் உண்டாகும். கத்தியே படாமல், பேச்சைத் திருத்தும் பயிற்சியாலேயே அவை கரைவதுண்டு. அந்தப் பயிற்சியையும் கற்பிக்கும், 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு-செவிப்புலன் நிலையம் மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. இருமலோடும் இளைப்போடும் குரல் கம்முமானால் க்ஷயரோகத்துக்காகச் சளியைப் பரிசோதிக்கவேண்டும். அதற்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் பூர்ண குணம்.

மெழுகுதிரிகளின் ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், கஷாயமும் குடியுங்கள். ஆனால் குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினாலும், சாதமோ களியோ நின்று நின்று இறங்கினாலும், ஒரு பக்கத்துக் காது காரணமின்றி வலித்தாலும், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலும், உமிழ்நீரில் இரத்தம் கண்டாலும், தேகம் இளைத்தாலும், அந்த வாரமே பஸ் ஏறி, தொண்டைக்குள் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வைத்தியரிடம் போய்விடுங்கள். வீட்டில் யாராவது களியை விட்டுக் கூழுக்கு மாறியிருந்தால், ஏனென்று இன்றைக்கே கேளுங்கள்.