கடப்பாறை பிடித்து ஏறும் மலை

பர்வதமலையில் முக்கால் வழிக்குக் கால் போதும். மிச்சத்துக்குக் கையும் வேண்டும். வெள்ளியங்கிரி, சதுரகிரி எல்லாம் போய்வந்தவர்கள்கூட இங்கே கடைசிக் கட்டத்தில் அண்ணாந்து பார்த்துக் கொஞ்சம் தயங்குவார்கள்.

ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டி, திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் வட்டத்தில் செங்குத்தாக நிற்கிறது இந்த மலை. உயரம் சுமார் 4,500 அடி. உச்சிக் கோயிலில் மல்லிகார்ஜுன சுவாமியும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள். பக்தர்களே தொட்டு அபிஷேகம் செய்யலாம் என்பதால், கீழிருந்து பால் பாக்கெட்டும் பூவும் சுமந்து போவார்கள்.

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்று செங்கம் எனப்படும் செங்கண்மாவை ஆண்ட நன்னனின் மலை. பரிசு பெறப் போகும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் வழி சொல்கிறார். அதில் வர்ணனை மட்டும் இல்லை, எச்சரிக்கையும் நிறைய. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் பாதையில் இருக்கும், இருட்டில் நடக்காதீர்கள், விடிந்தபின் போங்கள். பாசி மூடிய இடத்தில் கால் தடுமாறும், பக்கத்துச் சிறுமூங்கிலையும் கொறுக்கச்சியையும் பற்றிக்கொண்டு கடந்துவிடுங்கள். புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் பாய்ந்து வரும், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள். இதை மலையேற்றக் கையேடு என்றால் தமிழாசிரியர்கள் கோபிக்கலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது. கவண்கல் ஒன்றுதான் இப்போது இல்லை.

ஏறுவதற்கு இரண்டு வழி: தென்மாதிமங்கலம் ஒன்று, கடலாடி இன்னொன்று. முதல்முறை போகிறவர்களுக்குத் தென்மாதிமங்கலமே நல்லது. ஊரிலிருந்து அடிவாரம் வரை கொஞ்சம் நடை, பிறகு படிக்கட்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் முடிந்ததும் ஏறிவிட்டோம் என்று தோன்றும், உண்மையில் அதற்குப் பிறகுதான் கரடுமுரடான பாறைப் பாதை தொடங்குகிறது. வேகமாகப் படியேறி மூச்சைச் செலவழித்தவர்கள் இங்கேதான் உட்கார்ந்துவிடுகிறார்கள். நிதானமாகப் போனால் உச்சிக்கு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும்.

பிறகு வருவது கடப்பாறை நெட்டு. செங்குத்துப் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து இறக்கி, சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் ஏணிப்படி, ஆகாயப்படி, கீழே பள்ளம். இத்தாலியின் டோலமைட் மலைகளில் முதல் உலகப் போரின்போது படைவீரர்கள் போட்ட இரும்பு ஏணிகளையும் கம்பிகளையும் இன்று உலகமே தேடிப்போய் ஏறுகிறது. அங்கே இடுப்பில் கச்சை கட்டி, கம்பியில் கொக்கி மாட்டிக்கொள்வார்கள். இங்கே நம் பிடிதான் எல்லாம். ஆகவே இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்: சாமான் முதுகுப் பையில், செல்போன் பைக்குள். கையில் தொங்கும் கேரிபேக்கைக் குரங்கும் விடாது.

பௌர்ணமிக் கூட்டத்தில் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சங்கிலியில் ஒருவர் நின்றால் பின்னால் வரிசையே பாறையில் தொங்க வேண்டும். மழை நாளும் வேண்டாம்; பாறை வழுக்கும், ஓடைகளில் திடீரென்று தண்ணீர் பெருகும். காட்டுப் பகுதி என்பதால், எந்த நேரத்தில் ஏற விடுகிறார்கள் என்பதை அடிவாரத்தில் வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீரைக் கீழிருந்தே கொண்டுபோங்கள்.

இறங்கும்போது கடப்பாறைப் பகுதியில் பாறையைப் பார்த்தபடி, ஏறிய மாதிரியே பின்னோக்கி இறங்குங்கள். அதன்பிறகு படிகள் முழங்காலைப் பதம் பார்க்கும். அங்கே ஒரு கம்பு உதவும். பொழுது சாய்வதற்குள் அடிவாரம் வந்துவிட்டால் போளூர் பக்கமோ திருவண்ணாமலை பக்கமோ பஸ் பிடித்துவிடலாம்.