முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

பணியிடத்தில் காயமுற்ற ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது, உடன் வந்தவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கு வருவதற்கு முன் என்ன செய்தீர்கள்?" யாரையும் குறை கூறுவதற்காக இதனைக் கேட்பதில்லை. தீக்காயத்தின் மீது தண்ணீர் ஓடியதா, பற்பசை பூசப்பட்டதா? துண்டான விரல் எதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது? மயங்கி விழுந்தவரின் மார்பை யாரேனும் அழுத்தினார்களா? எங்கள் சிகிச்சையின் போக்கைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இக்கேள்விகளுக்கான விடைகளே. மருத்துவமனை எவ்வளவு அருகில் இருந்தாலும் முதல் பத்து நிமிடங்கள் எங்களுடையவை அல்ல; அவை உடன் பணிபுரிவோருடையவை.

கோவை வட்டாரத்தில் வார்ப்படத் தொழிற்சாலைகள், பஞ்சாலைகள், பம்பு மற்றும் வெட் கிரைண்டர் உற்பத்திக் கூடங்கள், லேத் பட்டறைகள் ஆகியன அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் தாங்களோ தங்கள் குடும்பத்தினரோ பணிபுரியக்கூடும். அங்கே சுவரில் சிவப்புச் சிலுவைக் குறியிட்ட பெட்டி ஒன்று தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மாத்திரைகள் காணாமற் போகின்றன என்பதற்காகப் பூட்டி வைத்து, சாவியை மேலாளர் அறையில் மாட்டி, அவ்வறையையும் மாலை ஆறு மணிக்குப் பூட்டிச் செல்லும் இடங்கள் உண்டு. இரவுப் பணியில் இருப்பவருக்கு அப்பெட்டி இருந்தும் இல்லாததே.

இந்தக் குறையைச் சட்டம் இயற்றியவர்கள் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 45-ஆம் பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்குக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டிகள் இருக்க வேண்டும் என்றும், அவை வேலை நேரம் முழுவதும் எளிதில் எட்டும்படி இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர் ஒருவர் தனியே இருக்க வேண்டும். வேலை நேரத்தில் அவர் எப்போதும் கிடைக்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தே கூறியது. 500 பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் மருத்துவ அறை ஒன்றையும் அது கோரியது. ஆயினும் ஐந்தாறு பேர் பணிபுரியும் சிறு பட்டறைகள் இச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. விரல்கள் மட்டும் அங்கும் பத்துதான். எனவே சட்டத்தின் எண்ணிக்கையோடு நிறைவடையாமல், ஒவ்வொரு பணியிடமும் தனக்கென ஒரு திட்டம் வகுத்துக்கொள்வதே முறை என்று நாங்கள் கருதுகிறோம்.

அத்திட்டம் பெட்டி வாங்குவதில் தொடங்கக் கூடாது. இங்கு என்ன விபத்து நேரக்கூடும் என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். வார்ப்படக் கூடத்திற்கு வேண்டியது தடையின்றி ஓடும் குளிர்ந்த தண்ணீர்க் குழாய். தீக்காயத்தை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுவதற்கு இணையான முதலுதவி வேறில்லை. பனிக்கட்டி, மை, மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். வீக்கம் தோன்றும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். அமிலமோ காரமோ கையாளும் இடத்தில் கண் கழுவும் வசதி சில எட்டுத் தொலைவில் இருக்க வேண்டும். கழுவுதல் 15 நிமிடத்திற்குக் குறையக் கூடாது. கழுவி முடித்த பின் புறப்படுங்கள். அவசரத்தில் கழுவாமல் வண்டியேறுவோரின் கண்ணை வழியெல்லாம் அந்தத் திரவம் அரித்துக்கொண்டே வருகிறது.

பிரஸ் இயந்திரங்கள் உள்ள பட்டறையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். விரல் துண்டானால் முதலில் இயந்திரத்தை நிறுத்தி, காயத்தின் மீது தூய துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். விரலின் அடியில் நூலோ ரப்பர் வளையமோ இறுகக் கட்டுதல் நல்லதன்று. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதனால் சேதமடையும். துண்டான பகுதியைத் தூய ஈரத் துணியில் சுற்றி, நெகிழி உறையில் இட்டு மூடி, அந்த உறையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் பட்டால் திசுக்கள் உறைந்து அழியும். தண்ணீரில் மிதந்தால் ஊறிக் கெடும். விரலில் தசை இல்லாததால், சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 12 மணி நேரம் வரையும், முறையாகக் குளிர்விக்கப்பட்டால் ஏறத்தாழ 24 மணி நேரம் வரையும் அது தாங்கக்கூடும். தசை மிகுந்த முன்கைக்கு அந்த அவகாசம் இல்லை. குளிர்விக்காத நிலையில் ஆறு மணி நேரமே அதன் எல்லை. நசுங்கிய விரலை எப்போதும் மீண்டும் பொருத்திவிட இயலாது. ஆனால் பொருத்த இயலுமா என்பதை முடிவு செய்யும் வாய்ப்பாவது கிடைக்க வேண்டும். குப்பையோடு கூட்டித் தள்ளப்பட்ட விரலுக்கு அதுவும் கிட்டுவதில்லை. எனவே இத்தகைய பட்டறையின் பெட்டியில் கட்டுத்துணி, கையுறை, கத்தரிக்கோல் ஆகியவற்றுடன் மூடக்கூடிய நெகிழி உறைகள் இரண்டும் இருக்க வேண்டும். பனிக்கட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிகளும் சாயத் தொட்டிகளும் உள்ள இடங்களில் முதலுதவித் திட்டத்தின் முதல் வரி 'இறங்காதே' என்பதாக இருக்க வேண்டும். நச்சுவாயுவால் மயங்கி விழுந்த ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதும், அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குவதும் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நிகழும் துயரம். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே.

ஆட்களைப் பொறுத்தவரை, பயிற்சி பெற்றவர் ஒருவர் மட்டும் இருந்தால் அவர் விடுப்பெடுக்கும் நாளில் எவரும் இல்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் இருவரேனும் வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் இப்பயிற்சியை அளிக்கின்றன. படம் காட்டி விளக்கும் வகுப்பினால் மட்டும் பயன் குறைவு. இதயம் நின்றவரின் நெஞ்சின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்று கேட்பது எளிது. பொம்மையின் மீது இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தவருக்கே அதன் கடினம் புரியும். அத்திறனும் ஆறு மாதங்களுக்குள்ளாகவே மங்கத் தொடங்குகிறது. மூன்றாண்டுக்கு முன் பெற்ற சான்றிதழைச் சட்டகமிட்டு மாட்டுவதைவிட, மூன்று மாதத்திற்கொருமுறை உணவு இடைவேளையில் அரை மணி நேரம் ஒத்திகை பார்ப்பது மேலானது. 108-ஐ அழைப்பவர் யார், தெருமுனையில் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டுபவர் யார் என்பதும் அந்த ஒத்திகையில் அடங்க வேண்டும். தொழிற்பேட்டைத் தெருக்கள் ஒன்றுபோலத் தோன்றுவதால் வீணாகும் நிமிடங்கள் பல.

இச்செய்திமடலைப் படிப்போருள் பலர், சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பவிருப்பவர்கள். வலிப்பு நோய், நீரிழிவு, இதய நோய் ஆகியவை உள்ளோருக்கு இத்திட்டத்தில் தனி இடம் உண்டு. நோயைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தை நாங்கள் நன்கறிவோம். அது காரணமற்ற அச்சம் என்று கூறிவிடவும் இயலாது. எல்லோரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை. அருகில் பணிபுரியும் நம்பிக்கைக்குரிய ஒருவரும், முதலுதவிப் பொறுப்பாளரும் அறிந்திருந்தால் போதும்.

அவர்கள் அறிய வேண்டியது மிகுதியன்று. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் எதையேனும் வைப்பதும் கூடாது. சுற்றியுள்ள பொருள்களை விலக்கி, துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால், விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நெஞ்சுவலி என்பவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து உதவியை அழைக்க வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் வேலையைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் செல்லாதீர்கள். எந்த இயந்திரத்தில் நிற்கிறீர்கள், உயரத்தில் ஏற வேண்டுமா, இரவுப் பணி உண்டா என்பவற்றைக் கூறினால், எவற்றைச் செய்யலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று பணியிடத்திற்குக் கடிதம் எழுதித் தர இயலும். நோயின் விவரத்தில் எந்த அளவு அக்கடிதத்தில் இடம்பெறலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் ஒரு சிறு அட்டையில் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேரத்தில் பூட்டிய கைப்பேசியைத் திறக்க உடனிருப்போரால் இயலாது.