விசைப்பலகைத் திறன்பேசி: இரண்டில் எதைத் தேர்வது?

விசைகளை அழுத்தி எழுதிப் பழகிய விரல்களுக்குத் தொடுதிரை எளிதில் பிடிபடுவதில்லை. கண்ணாடியின் மேல் விரல் பட்டதா, படவில்லையா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். விசையோ அழுந்தியதை விரலுக்கே உணர்த்திவிடும். அகவை முதிர்ந்தோர், விரல் நடுக்கம் உடையோர், நீண்ட மின்னஞ்சல்களைக் கைப்பேசியிலேயே எழுதும் பணியாளர்கள் எனப் பலர் இன்றும் விசைப்பலகை பொருத்திய திறன்பேசியைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

பெங்களூரு அல்சூரில் வாழும் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எஸ்.பி. சாலையிலோ காந்தி நகர் நேஷனல் மார்க்கெட்டிலோ பழைய கைப்பேசி விற்கும் கடை ஒன்றில் அவர் நிற்கிறார். கடைக்காரர் இரண்டு கருவிகளை முன்னே வைக்கிறார். ஒன்று பிளாக்பெர்ரி கீ2. மற்றொன்று பிளாக்பெர்ரி கீ2 எல்.இ. இரண்டும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போன்றவை. “எதை எடுத்துக்கொள்ளலாம்?” என்று அவர் கேட்கிறார். இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று கருவியைப் பற்றியது. மற்றொன்று அவருடைய வங்கிக் கணக்கைப் பற்றியது.

இரு கருவிகளின் வேறுபாடு

கனடாவின் பிளாக்பெர்ரி நிறுவனம், கைப்பேசிகளைத் தானே வடிவமைப்பதைக் கைவிடுவதாக 2016 செப்டம்பரில் அறிவித்தது. அதன்பின் அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையைச் சீனாவின் டி.சி.எல். நிறுவனம் உலகின் பெரும்பகுதிக்குப் பெற்றது. இந்தியாவுக்கான உரிமையை ஆப்டீமஸ் நிறுவனம் பெற்றது. கீ2, 2018 ஜூலையில் 42,990 ரூபாய் விலையில் இந்தியாவில் அறிமுகமாயிற்று. கீ2 எல்.இ. அதே ஆண்டு அக்டோபரில் 29,990 ரூபாய்க்கு வந்தது.

இரண்டிலும் திரை 4.5 அங்குலம், அதன் கீழே விசைப்பலகை, இடைவெளி விசைக்குள்ளேயே விரல்ரேகை உணரி. இவை பொதுவானவை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. கீ2-இல் ஸ்னாப்டிராகன் 660 செயலகமும் 6 ஜி.பி. நினைவகமும் 3,500 மில்லி ஆம்பியர் மணி மின்கலமும் உள்ளன. எல்.இ.யில் இவை முறையே ஸ்னாப்டிராகன் 636, 4 ஜி.பி., 3,000 மில்லி ஆம்பியர் மணி. கீ2-இன் எடை 168 கிராம்; எல்.இ.யின் எடை 156 கிராம்.

எழுதுபவருக்கு இவற்றினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கீ2-இன் விசைப்பலகை அழுத்தத்தை மட்டுமன்றித் தொடுகையையும் உணரும். விசைகளின் மேல் விரலை மெல்ல நகர்த்தினால் திரையில் உள்ள பக்கம் மேலும் கீழும் நகரும். எல்.இ.யின் விசைகளுக்கு இவ்வாற்றல் இல்லை. அவை அழுத்துவதற்கு மட்டுமே. ஆகவே, நீண்ட கடிதங்களை எழுதவும் படிக்கவும் ஒரு கருவி வேண்டுமெனில் கீ2 சிறந்தது. குறைந்த எடையும் குறைந்த விலையும் போதுமெனில் எல்.இ. பொருந்தும். கேள்வி கருவியைப் பற்றியது மட்டுமாயின், விடை இத்துடன் முடிந்துவிடும்.

தமிழ் எழுதுவோர் கவனிக்க வேண்டியது

இவ்விரு கருவிகளிலும் எழுத்து விசைகள் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென அமைந்தவை. தமிழில் உயிர் 12, மெய் 18 என அடிப்படை எழுத்துகளே முப்பது. எனவே ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் அவை அடங்கா. ஆங்கில ஒலிப்பைக் கொண்டு தமிழை எழுதும் முறையும் இவ்விசைகளில் இயங்குமா என்பது நிறுவும் செயலியைப் பொறுத்தது. அது இயங்காவிடில் தமிழுக்குத் திரை விசைப்பலகையையே நாட நேரும். ஏற்கெனவே சிறிய திரையின் பெரும்பகுதியை அது மறைத்துவிடும். ஆகவே, கடையில் கருவியைக் கையில் வாங்கியவுடன் தமிழில் நான்கு வரி எழுதிப் பார்த்துவிடுவது நலம்.

பணம் அனுப்புகையில் விசைகள் உதவுமா?

“விசையில் தட்டினால் கணக்கு எண்ணில் பிழை வராதே” என்று சிலர் எண்ணுவதுண்டு. இதில் ஓரளவே உண்மை உள்ளது. இக்கருவிகளில் எண்களுக்கெனத் தனி வரிசை இல்லை. எழுத்து விசைகளின் மீதே எண்களும் இரண்டாம் இடம் பெற்றுப் பொறிக்கப்பட்டுள்ளன. அதைவிட முக்கியமானது வேறொன்று. யூ.பி.ஐ. இரகசிய எண்ணைத் தட்டும் பக்கம், தனக்கெனத் தனி எண்பலகையைத் திரையிலேயே காட்டுகிறது; அங்கே எண்ணைத் திரையைத் தொட்டே தர வேண்டும். ஆகவே பணம் கைமாறும் அந்தக் கடைசி நொடியில், எதற்காக இக்கருவியை வாங்கினோமோ அந்த விசைகள் பெரும்பாலும் துணைக்கு வருவதில்லை.

பெயரில் இல்லை பாதுகாப்பு

பிளாக்பெர்ரி என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. அதன் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தமையால், பாதுகாப்பு அமைப்புகள் அவற்றைப் படிக்க வழி செய்ய வேண்டுமென்று இந்திய அரசு வலியுறுத்தியது. 2010 ஆகஸ்ட் 31 எனக் கெடுவும் விதித்தது. ஓர் அரசே திறக்க இயலாத பூட்டு என்ற புகழ் அப்போது பரவியது.

ஆனால் திறன்பேசியின் பாதுகாப்பு, ஒருமுறை கட்டி முடித்த கோட்டைச் சுவர் அன்று, ஏரிக்கரை போன்றது. எங்கேனும் கசிவு தோன்றிக்கொண்டே இருக்கும்; அவ்வப்போது அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மென்பொருளில் புதிது புதிதாகக் குறைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்காக உற்பத்தியாளர் அனுப்புவதே பாதுகாப்புப் புதுப்பிப்பு. அது நின்றுவிட்டால், அதன்பின் கண்டறியப்படும் ஒவ்வொரு குறையும் அக்கருவியில் திறந்தபடியே இருக்கும். குறை இன்னதென்று வெளியுலகுக்குத் தெரிந்தபின்னும் அடைக்கப்படாமல் இருப்பதுதான் இதில் உள்ள பேரிடர்.

கீ2, கீ2 எல்.இ. ஆகிய இரண்டும் ஆண்ட்ராய்டு 8.1 பதிப்புடன் வந்தவை. அப்பதிப்பு 2017 டிசம்பரில் வெளியானது. இவ்விரண்டுக்கும் அடுத்த பதிப்பு அளிக்கப்படவே இல்லை. 2020 ஆகஸ்ட் 31-க்குப் பின் பிளாக்பெர்ரி பெயரில் கைப்பேசி விற்கப்போவதில்லை என டி.சி.எல். அறிவித்தது, விற்ற கருவிகளுக்கான ஆதரவு 2022 ஆகஸ்ட் 31 வரை என்றும் குறிப்பிட்டது. அக்கெடு கடந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இவற்றினும் பழைய, பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளத்தில் ஓடிய கைப்பேசிகளின் நிலை இன்னும் மோசமானது. அவற்றுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன. அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட அவற்றில் உறுதியாக இயங்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே, வங்கிப் பணிகளைப் பொறுத்தவரை கீ2-வா, எல்.இ.யா என்ற கேள்விக்கு விடை: இரண்டும் வேண்டா. வங்கிச் செயலி ஒவ்வொன்றும் தான் இயங்குவதற்குக் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு ஒன்றை வரையறுக்கிறது. அவ்வரம்பு காலப்போக்கில் உயர்ந்துகொண்டே செல்லும். இன்று நிறுவ முடிந்த செயலி, நாளை திறக்க மறுக்கலாம். அவ்வாறு மறுப்பது வாடிக்கையாளருக்குத் தொல்லை தருவதற்காக அன்று. அவருடைய பணத்தைக் காப்பதற்காகவே.

அப்படியாயின் விசை விரும்புவோர் என் செய்வது?

மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இரண்டு கைப்பேசி வழி. கீ2-ஐ எழுதுகோல் போலப் பயன்படுத்துங்கள். குறிப்புகளும் கடிதங்களும் அதில் இருக்கட்டும். வங்கிச் செயலிகள், புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் வேறொரு சாதாரணத் திறன்பேசியில் இருக்கட்டும். இங்கே ஒரு நுணுக்கத்தை மறத்தலாகாது. வங்கியில் பதிவு செய்த எண்ணின் சிம் அட்டை புதிய கைப்பேசியில்தான் இருக்க வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வருகிறது. அந்த சிம்மைப் பழைய கருவியில் இட்டால், வங்கிச் செயலி அதில் இல்லாவிடினும் கடவுச்சொல் அங்கே வந்து சேரும். வங்கிக்குப் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியையும் பழைய கருவியில் திறவாதிருப்பதே முறை.

இரண்டாவது, புதிய விசைப்பலகைத் திறன்பேசி. யூனிஹெர்ட்ஸ் என்னும் சீன நிறுவனம் 2019 முதல் டைட்டன் என்ற பெயரில் இத்தகைய கருவிகளை வெளியிட்டு வருகிறது. 2025-இல் வந்த டைட்டன் 2, ஆண்ட்ராய்டு 15 பதிப்பையும் 5ஜி வசதியையும் கொண்டது. அதன் விசைகளும் தொடுகையை உணர்பவை. கீ2-ஐவிட அகலமும் எடையும் மிகுதி. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின் சுங்க வரியையும், பழுதுபார்க்க உள்ளூரில் ஆள் கிடைப்பாரா என்பதையும் விலையோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதை வாங்குமுன் உறுதி செய்துகொள்வதும் கடமை.

மூன்றாவது, உள்ள திறன்பேசியோடு இணைக்கும் சிறு புளூடூத் விசைப்பலகை. மேசையருகே அமர்ந்து எழுதுவோருக்கு இதுவே செலவு குறைந்த வழி. வங்கிச் செயலியும் புதுப்பிப்பும் கைப்பேசியிலேயே இருப்பதால் பாதுகாப்பில் மாற்றம் இல்லை. ஆயினும் கடவுச்சொற்களைத் திரையிலேயே தட்டுங்கள்.

பழைய கருவி வாங்குமுன்

கீ2-ஐ எழுதுவதற்காகவே வாங்க முடிவு செய்தாலும், பணத்தைக் கொடுக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அழைப்புப் பலகையில் *#06# என்று தட்டினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைச் சரிபார்க்கலாம். களவு போனதென முடக்கப்பட்ட கருவியாயின் இதில் தெரிந்துவிடும். அத்தகைய கருவியை வாங்கினால் பணமும் போகும். காவல் நிலையத்துக்கும் நடக்க நேரிடலாம்.

அமைப்புகளில் ‘கைப்பேசி பற்றி’ என்ற பகுதிக்குச் சென்று, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். எந்தக் கருவியாயினும் அதன் உண்மையான அகவையை அந்தத் தேதியே சொல்லும்.

2018-இல் செய்த கருவியின் மின்கலம் தளர்ந்திருக்கும். பின்புறம் உப்பியிருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு விசையையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று கேட்டு, உங்கள் கண்முன்னேயே கருவியை முழுமையாக அழித்து மீட்டமைக்கச் சொல்லுங்கள். ரசீது பெறாமல் கடையை விட்டு நகராதீர்கள்.

அல்சூர் கணக்கருக்கு நாம் சொல்வது

பெரியவர் விரும்பினால் கீ2-ஐ வாங்கிக்கொள்ளட்டும், எல்.இ.யைவிட அதுவே எழுதுவதற்கு இனியது. ஆனால் அவருடைய ஓய்வூதியம் வந்து சேரும் கணக்கு அதனுள் நுழைய வேண்டா. அதற்கு, விசை இல்லாவிடினும், மாதந்தோறும் புதுப்பிப்பு வரும் எளிய திறன்பேசி ஒன்று போதும்.

ஏற்கெனவே இத்தகைய பழைய கருவியில் வங்கிச் செயலியைப் பயன்படுத்தி வருவோர், முதலில் செயலியையும் சிம்மையும் வேறு கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு, பின்னர் கடவுச்சொற்களைப் புதிய கருவியிலிருந்தே மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கில் தாம் செய்யாத பரிவர்த்தனை ஏதேனும் தென்பட்டால், சிறிதும் தாமதியாமல் வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930-க்கும் தெரிவியுங்கள். புதிய கைப்பேசிக்கு மாறுவதில் ஐயம் இருப்பின் அருகிலுள்ள கிளையை அணுகலாம். எந்தச் சூழலிலும் இரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ எவரிடமும், வங்கி ஊழியரிடமும்கூட, சொல்ல வேண்டியதில்லை.