அடுத்த பலகையைத் தெரிவு செய்வது எப்படி? – சோளகக் காற்றில் கற்ற பாடம்

எங்கள் மன்னார்த் தீவில் வைகாசி பிறந்தால் சோளகம் எழும்பிவிடும். பட்டம் ஏற்றத் தெரியாத பெடியன் ஊரில் இல்லை. ஆனால் பட்டம் ஒரு ஆளை இழுத்துக்கொண்டு கடலில் ஓடும் என்பதை, கற்பிட்டிக்கு வேலைக்குப் போன பிறகுதான் கண்டேன். கைற் சேர்ஃபிங் கற்றுக்கொடுக்கும் ஓரிடத்தில் பட்டத்துக்குக் காற்றடிப்பதும், நூல் விரிப்பதும், வெள்ளைக்காரரின் பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக் கொடுப்பதும் என் வேலை. பின்னேரங்களில் பழைய பலகை ஒன்றைத் தந்தார்கள். அதில்தான் பழகினேன்.

இன்று கற்பிட்டியிலும் மன்னாரிலும் நமது பிள்ளைகளும் இதைப் பழகுகிறார்கள். ஓரளவு ஓடப் பழகியதும் எல்லோருக்கும் வரும் ஆசை, சொந்தப் பலகை. அதில் நான் விட்ட பிழையை மற்றவர்கள் விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் என் முதல் பலகையை வாங்கினேன். 132 சென்ரிமீற்றர் நீளம், 39 அகலம், முழுக்கக் காபன். 2022இல் ரூபா சரிந்த பிறகு, புதிய பலகையை வெளிநாட்டிலிருந்து எடுப்பதை நினைக்கவே முடியவில்லை. ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த காசை அதற்குக் கொடுத்தேன். அதில் அவர் பனை உயரத்துக்குப் பாய்ந்ததைப் பார்த்திருந்தேன். பலகைதான் பாய்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ஊருக்குக் கொண்டுவந்து கடலில் இறங்கியபோது உண்மை தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்று போகிற பக்கமாகவே இறங்கிக்கொண்டு போனேன். பிறகு பட்டத்தைச் சுருட்டி, முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நடந்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: “போகத் தெரியுது. வரத் தெரியேல்லையே, தம்பி.”

பலகைத் தெரிவின் முழு விடயமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. நின்று ஓடப் பழகியவருக்கு அடுத்த படி பாய்ச்சல் அல்ல. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. பலகையின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்தி, காற்றுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக மேலேற வேண்டும். அதற்கு உதவுகிற பலகையே உங்களுடைய அடுத்த பலகை.

முதலில் அளவு. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் சாதாரண பலகையில், 70 முதல் 75 கிலோ எடையுள்ளவருக்கு 136 முதல் 140 சென்ரிமீற்றர் நீளமும் 41 அளவான அகலமும் பொருந்தும். 55 கிலோ உள்ளவருக்கு 132 முதல் 135 போதும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். மெல்லிய காற்றில் உங்களைத் தண்ணீரின் மேலே வைத்திருப்பதில் அகலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மார்கழிக்குப் பிறகு வாடையில் ஓடுபவர் சற்றுப் பெரிய பலகையை நினைக்கலாம். சோளகம் 20 நொட்டுக்கு மேல் அடிக்கும்போது அதே பெரிய பலகை அடங்காது; விளிம்பு பிடிக்காமல் துள்ளும். நீங்கள் எந்தக் காற்றில் அதிக நாள் இறங்குகிறீர்களோ, அதற்கே வாங்குங்கள்.

இரண்டாவது வளைவு. பலகையைச் சீமெந்து நிலத்தில் வைத்துப் பாருங்கள். முனைகள் குறைவாக மேலெழுந்திருந்தால் அது விரைவில் ஓட்டம் எடுக்கும், காற்றை எதிர்த்து நன்றாக ஏறும். அதிகமாக எழுந்திருந்தால் அலையிலும், பாய்ந்து இறங்கும்போதும் மெத்தென்று இருக்கும். ஆனால் வேகம் குறையும். தண்ணீர் தட்டையாக இருக்கும் களப்பில் பழகுபவருக்குக் குறைந்த வளைவும், ஓரளவு நேரான பக்கங்களும் நல்லது.

மூன்றாவது விறைப்பு. காபன் பலகை விறைப்பானது, துள்ளல் தரும். காலில் பலம் பழகாதவருக்கு ஒவ்வொரு சிற்றலையும் முழங்காலில் இடிக்கும். உள்ளே மரமும் மேலே கண்ணாடி நாரும் உள்ள பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இந்தக் கட்டத்துக்கு அதுவே போதும்.

அடியில் இருக்கும் நான்கு செட்டைகள் பலகை வழுக்காமல் பிடிக்கும். பழகும்போது ஐந்து சென்ரிமீற்றர் வரை உயரமுள்ளவை உதவும். ஆனால் ஆழமற்ற இடத்தில் அவை தரையில் கொளுவி ஆளை முகங்குப்புற வீழ்த்தும். உங்கள் களப்பின் ஆழத்தை நீங்களே நடந்து பாருங்கள்.

பழைய பலகை வாங்குபவர் விளிம்பு முழுக்க விரலால் தடவ வேண்டும். வெடிப்பு இருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போய் மரம் உக்கியிருக்கும். பெருவிரலால் அழுத்தும்போது எங்காவது மெதுமையாக இருந்தால் விட்டுவிடுங்கள். கால் பட்டிகளைப் பூட்டும் திருகாணிகளை எல்லாம் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் அந்தப் பலகையில் பட்டியைப் பிறகு மாற்றவே முடியாது.

பலகை தொலைந்துவிடும் என்று பயந்து அதை உடம்போடு கயிற்றால் கட்டாதீர்கள். கயிறு இழுபட்டு பலகை திரும்பிவந்து தலையில் அடிக்கும். பட்டத்தின் இழுவையில் உடம்பாலேயே நீந்தி பலகையை எடுக்கப் பழகிய பிறகுதான் சொந்தப் பலகை. இன்னொன்று: காற்றுக்கு மேலே ஏறத் தெரியாதவர் கடைசியில் போய் விழுவது யாரோ ஒருவரின் வலையில். வலை அறுந்தால் ஒரு வீட்டின் அன்றைய உலை அணையும்.

தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளுக்கு இப்போது உல்லாசப் பயணிகள் இந்த விளையாட்டுக்காகப் போகிறார்கள். யுத்த காலத்தில் எங்கள் சனம் படகேறி இந்தியாவுக்கு ஓடியபோது, பலர் அந்தப் பகுதித் திட்டுகளில்தான் இறக்கிவிடப்பட்டார்கள். என் பெற்றோரும் ஒரு பகல் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அப்படி நின்றவர்கள். நான் மண்டபம் முகாமில் பிறந்தவன். போவதையும் வருவதையும் பற்றி அப்பா பேசினால் அது வெறும் பகிடி அல்ல என்பது எனக்குத் தெரியும்.

காபன் பலகையை நட்டத்துக்கு விற்று, 138க்கு 41 அளவில், பாவித்த மரப் பலகை ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாள், இறங்கிய இடத்திலேயே வந்து கரையேறினேன். அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “இது எவ்வளவு?”

சொன்னேன். “பரவாயில்லை” என்றார்.